பி16ஏ-க்கு நீள ராடு போட்டால் பவர் ஏறுமா? இன்ஜின் பிரிந்து கிடக்கிறது

கிள்ளான்_ஈஜி:

வணக்கம். இத்தனை வருடம் இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுத வேண்டிய நிலை. என்னிடம் இருப்பது ஹோண்டாவின் பழைய ஈஜி சிவிக். உள்ளே ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி விற்கிற பழைய கார்) வந்த பி16ஏ இன்ஜின், 170 பிஎஸ் (குதிரைத் திறன்) வகை. ஆறு மாதமாக எண்ணெய் குடித்தது, விடெக் (வேகமாகச் சுற்றும்போது வால்வுகளை அதிகம் திறக்கிற ஹோண்டா அமைப்பு) ஏறும்போது பின்னால் நீலப் புகை, போன வாரம் இறக்கிவிட்டோம். போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது, எப்படியும் 81.5 மி.மீ.-க்கு ரீபோர் செய்து புது பிஸ்டன் போட வேண்டும்.

இங்கேதான் பட்டறைக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். "செலவோடு செலவாக பி16பி கனெக்டிங் ராடைப் போட்டுவிடு, ஈகே9 சிவிக் டைப் ஆரில் வருவது, உன்னுடையதைவிட 8 மி.மீ. நீளம், அதனால்தான் அந்த இன்ஜின் அதே 1600 சிசியில் 185 பிஎஸ் தருகிறது" என்கிறார். ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி, நீளமானால் பிஸ்டன் மேலே அதிக நேரம் நிற்குமாம், எரிகிற வாயு முழுவதும் அழுத்துமாம், கிராங்கை நல்ல கோணத்தில் தள்ளுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டர்போ வைக்கும் எண்ணம் இல்லை, அதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், கடைசிவரை என்ஏ-தான் (டர்போ இல்லாமல் தானே காற்றை இழுக்கிற இன்ஜின்). ராடுக்கு இவ்வளவு சக்தி உண்டா?

நீளத்தண்டு:

தம்பி, பட்டறைக்காரர் விஷயம் தெரிந்தவர். நான் டொராண்டோ பக்கம் ஒரு பழைய செவி 350-ஐ (350 கன அங்குல செவ்ரலே வி8 இன்ஜின்) வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கம்பெனி ராடு 5.7 அங்குலம். இங்கே ஓரளவு பணம் போட்டு இன்ஜின் கட்டுகிற எவரும் 6 அங்குல ராடுதான் போடுவார்கள். டேடோனா பீச்சில் பட்டறை வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக், ரேஸ் உலகத்தில் அவரை மிஞ்சிய மூளை கிடையாது, அவரே பிளாக்குக்குள் எவ்வளவு நீள ராடு அடங்குமோ அவ்வளவையும் போடு என்று சொன்ன ஆள்.

ஹோண்டாவையே பாருங்கள். ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகிற தூரம்) வகுத்தால் வருவதுதான் ராடு விகிதம். பி16ஏ-வில் 134-ஐ 77.4-ஆல் வகுத்தால் 1.73, அதற்கு 170 பிஎஸ். பி16பி-யில் 142.4, அதாவது 1.84, அதற்கு 185. போரும் ஸ்ட்ரோக்கும் மாறவே இல்லை. எஸ்2000 காரின் எஃப்20சி இன்ஜினில் 153 மி.மீ. ராடு, விகிதம் 1.82, இரண்டே லிட்டரில் 250 பிஎஸ், 9000 ஆர்பிஎம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போடுங்கள்.

லேத்துக்கடை:

பவர் ஏறுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது உள்ளே போகுமா என்று யாராவது அளந்தீர்களா?

பி16ஏ பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து பிளாக் மேல்முகம் வரை, 203.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பாதி 38.7. ராடு 134. இரண்டையும் கழித்தால் 31.2 மிச்சம். அந்த மிச்சத்தில்தான் பிஸ்டனின் பின் மையத்திலிருந்து அதன் தலை வரை உள்ள உயரம் அடங்க வேண்டும். இப்போது 142.4 ராடைப் போடுங்கள், மிச்சம் 22.8. உங்களுக்கு வரப்போகிற 81.5 பிஸ்டனை அதில் மாட்டினால் பிளாக்கை விட்டு 8 மி.மீ. மேலே எட்டிப் பார்க்கும், ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல் மூடி) வைக்கவே முடியாது.

பி16பி-க்கு ஹோண்டா வேறு பிளாக் கொடுத்திருக்கிறது. பி18சி என்கிற 1800 சிசி இன்ஜினில் உள்ள உயரமான பிளாக், டெக் 212 மி.மீ. 212-இலிருந்து 38.7-ஐயும் 142.4-ஐயும் கழித்துப் பாருங்கள், 30.9 வரும். பி16ஏ-வோடு ஒப்பிட்டால் பிஸ்டன் உயரம் கிட்டத்தட்ட அதேதான். பிளாக் உயர்ந்தது, அந்த இடைவெளியை அடைக்க ராடு நீண்டது. நான் கோயம்புத்தூரில் லேத் வைத்திருக்கிறேன், ஹோண்டா அதிகம் வருவதில்லை, வருவது முக்கால்வாசி டீசல். ஆனால் கூட்டல் கழித்தல் எல்லா இன்ஜினுக்கும் ஒன்றுதான்.

கிள்ளான்_ஈஜி:

அண்ணே, தலை சுற்றுகிறது. இதைப் போய்ப் பட்டறைக்காரரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அப்படியென்றால் குட்டை பிஸ்டன் ஸ்பெஷலாகச் செய்யச் சொல்லலாம், இல்லை பி18சி பிளாக் ஒன்று தேடலாம்" என்கிறார். இரண்டுமே என் பட்ஜெட்டைத் தின்றுவிடும். சரி, கடன் வாங்கியாவது செய்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ராடு நீளத்துக்காக மட்டும் எத்தனை குதிரை கிடைக்கும்? அதை யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ராடு நீளம் பற்றிய சண்டை எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் சண்டை போடுகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட கால்குலேட்டரை எடுப்பதில்லை. உட்கார்ந்து போட்டேன். கிராங்க் ஆரம் 38.7, ஒரு பக்கம் 134 ராடு, மறுபக்கம் 142.4. பள்ளிக்கூட முக்கோணவியல்தான், பயப்பட வேண்டாம்.

பட்டறைக்காரர் சொல்கிற முதல் விஷயம், பிஸ்டன் மேலே அதிக நேரம் நிற்பது. உண்மைதான், நிற்கும். எவ்வளவு? டிடிசி-யை (பிஸ்டன் எட்டுகிற உச்சிப் புள்ளி) ஒட்டி மேலே உள்ள 5 மி.மீ.-க்குள் பிஸ்டன் இருக்கும் காலத்தைக் கணக்கிட்டால் போகவர இரண்டும் சேர்த்துச் சின்ன ராடில் சுமார் 52 டிகிரி கிராங்க் சுற்று. நீள ராடில் அதைவிட 0.35 டிகிரி கூட. 8000 ஆர்பிஎம்-மில் 0.35 டிகிரி என்பது ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிடிசி தாண்டி 20 டிகிரியில் இரண்டு பிஸ்டனும் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் வித்தியாசம் 0.04 மி.மீ. ஹெட் கேஸ்கட்டை வேறு கம்பெனியில் வாங்கினால் இதைவிட அதிகமாக மாறும்.

இரண்டாவது, நல்ல கோணத்தில் தள்ளுவது. இது எனக்கு மிகவும் பிடித்த பொய், ஏனென்றால் உண்மை இதற்கு நேர்மாறு. சிலிண்டர் அழுத்தம் உச்சத்துக்கு வருவது டிடிசி தாண்டி ஏறத்தாழ 12 முதல் 15 டிகிரிக்குள். அந்த 15 டிகிரியில் வாயு தள்ளுகிற விசைக்கு எத்தனை மி.மீ. நெம்புகோல் கிடைக்கிறது என்று கணக்கிட்டால் 134 ராடுக்கு 12.82, 142.4 ராடுக்கு 12.65. சின்ன ராடுக்குத்தான் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடுதல்! அதற்காகச் சின்ன ராடுக்காரர்கள் ஆட வேண்டாம், ஸ்ட்ரோக்கின் பின்பாதியில் அது அப்படியே திரும்பிவிடும். மொத்த வேலை என்பது அழுத்தத்தையும் கன அளவு விரிவதையும் பெருக்கிக் கூட்டியது. கன அளவு போராலும் ஸ்ட்ரோக்காலும் முடிவாகிறது, அங்கே ராடுக்கு இடமே இல்லை.

மூன்றாவதை யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் என்ஏ இன்ஜினுக்கு அதுதான் முக்கியம், காற்று நிரம்புவது. டர்போ என்றால் காற்றை உள்ளே திணித்துவிடலாம். என்ஏ-வில் பிஸ்டன் இழுப்பதும் காற்றின் வேகமும் வால்வு மூடுகிற நேரமும் ஒத்துப்போனால்தான் சிலிண்டர் நிரம்பும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி ஏறத் தொடங்கி 60 டிகிரியில் இன்டேக் வால்வு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நீள ராடு பிஸ்டன் 0.26 மி.மீ. கூடுதலாக மேலே ஏறியிருக்கும். அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு டிகிரிக்கு அரை மி.மீ. நகர்கிறது. ஆக 8.4 மி.மீ. நீள ராடு போட்டதன் பலன், இன்டேக் வால்வு மூடுவதை அரை டிகிரி கிராங்க் மாற்றியதற்குச் சமம். கேம் புல்லியில் (வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டின் சக்கரம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது) கால் டிகிரி. அந்தப் புல்லியில் கால் டிகிரிக்குக் கோடுகூடக் கிடையாது.

கடன் வாங்காதீர்கள்.

நீளத்தண்டு:

கணக்கெல்லாம் சரி ஐயா, ஆனால் இன்ஜின் காகிதத்தில் ஓடுவதில்லை. 170 எப்படி 185 ஆனது? இரண்டு லிட்டரில் 250 எப்படி வந்தது? ஃபார்முலா ஒன் இன்ஜின்களில் ராடு விகிதம் இரண்டைத் தாண்டிவிடும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முக்கோணவியல் தெரியாதா? நல்ல பவர் தருகிற எந்த என்ஏ இன்ஜினை எடுத்தாலும் ராடு விகிதம் பெரிதாகத்தான் இருக்கிறது. டிராக்டரில் யாரும் 9000 சுற்றுவதில்லை.

அப்புறம் என் 350-இல் நானே 6 அங்குல ராடு போட்டேன். முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஏறுகிறது, கையில் தெரிகிறது. கூடவே பிஸ்டன், கேம், கார்புரேட்டர் மூன்றும் மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது தோண்டி எடுப்பீர்கள்.

ஆறு_வரிசை:

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

நல்ல பவர் தருகிற எந்த என்ஏ இன்ஜின் என்றீர்களே, பிஎம்டபிள்யூ எஸ்54-ஐ எடுத்துக்கொள்வோமா? ஈ46 எம்3-இல் இருப்பது. ஸ்ட்ரோக் 91 மி.மீ., ராடு 139. விகிதம் 1.53. உங்கள் கணக்கில் இது டிராக்டர். ஆனால் 3.2 லிட்டரில் 343 பிஎஸ், அதுவும் 7900 ஆர்பிஎம்-மில். லிட்டருக்கு 105 சொச்சம். ஹோண்டாவிலேயே பி18சி டைப் ஆர் இருக்கிறது, 138 ராடு, 87.2 ஸ்ட்ரோக், 1.58. பவர் 200 பிஎஸ், லிட்டருக்கு 111. கே20ஏ டைப் ஆர் 139-க்கு 86, 1.62, லிட்டருக்கு 110. பி16பி 1.84-இல் லிட்டருக்கு 116. விகிதம் 1.58-இலிருந்து 1.84-க்குத் தாவுகிறது, லிட்டர் பவர் ஐந்து குதிரை நகர்கிறது, அந்த ஐந்தும் ராடால் வந்ததா கூடுதல் ஆர்பிஎம்-மால் வந்ததா என்பது தனிக் கதை.

அந்தத் தனிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 170 பிஎஸ் வந்தது 7800-இல். 185 வந்தது 8200-இல். பவரை ஆர்பிஎம்-மால் வகுத்து டார்க்காக (முறுக்கு விசை) மாற்றிப் பாருங்கள், உச்ச பவர் இடத்தில் டார்க் கூடியது மூன்றரை சதவீதம்தான். மீதி ஐந்து சதவீதம் வேகமாகச் சுற்றியதால் வந்தது. அந்த மூன்றரைக்கும் ராடு உரிமை கொண்டாட முடியாது. பி16பி-யில் கேம் வேறு, கம்ப்ரஷன் 10.4-க்குப் பதில் 10.8. கல்யாண வீட்டில் சமையல்காரர் ஒருவர், பாராட்டு பந்தல்காரருக்கு என்கிற மாதிரி இருக்கிறது.

ஃபார்முலா ஒன்னில் விகிதம் பெரிதாக வருவதற்குக் காரணம் ராடு நீளம் என்பதைவிட ஸ்ட்ரோக் குட்டை என்பதுதான். 2006-இலிருந்து வந்த 2.4 லிட்டர் வி8-களில் போர் 98 மி.மீ. வரை போகலாம், ஸ்ட்ரோக் 40-க்கும் கீழே. வகுக்கிற எண் சின்னதானால் விடை பெரிதாகத்தானே வரும். ஸ்ட்ரோக் குட்டையானால் பிஸ்டன் வேகம் குறையும், அதனால் அதிகம் சுற்றலாம். போர் அகலமானால் பெரிய வால்வு வைக்கலாம், காற்று நிறையப் போகும். பவர் இந்த இரண்டிலிருந்து வருகிறது. விகிதம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பயணி.

இன்னொன்று. எஃப்20சி-யை ஹோண்டா பிறகு எஃப்22சி ஆக்கியது. ஸ்ட்ரோக் 84-இலிருந்து 90.7, கூடியது 6.7. ராடு 153-இலிருந்து 149.65, குறைந்தது 3.35. சரியாகப் பாதி! அதே பிளாக் உயரத்துக்குள் ஸ்ட்ரோக்கை ஏற்றினார்கள், அதில் பாதியை ராடில் வெட்டினார்கள். உங்கள் செவியிலும் இதே கதைதான். 350-இல் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், 5.7 ராடு. 1970-இல் வந்த 400-இல் ஸ்ட்ரோக் 3.75, ராடு 5.565. கூடிய ஸ்ட்ரோக்கில் பாதி 0.135, ராடில் வெட்டியதும் 0.135. கம்பெனிக்காரன் ராடு நீளத்தைப் பவருக்காகத் தேர்ந்தெடுக்கிறான் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு கழித்தலையும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

ஆர்எக்ஸ்_பித்தன்:

இவ்வளவு நேரம் நாலு ஸ்ட்ரோக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எங்கள் இரண்டு ஸ்ட்ரோக்கில் ராடு நீளம் மாற்றினால் உண்மையாகவே இன்ஜினின் குணம் மாறும், ஆனால் நீங்கள் சொல்கிற எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. ஆர்எக்ஸ்100-இல் ராடை நீட்டினால் பேரலுக்கு அடியில் தகடு வைத்து அதையும் அதே அளவு உயர்த்த வேண்டும். அப்போது பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் இடம் பெரிதாகும். கீழே காற்றை அமுக்கி மேலே அனுப்புகிற வேலையே அந்த இடத்தில்தான் நடக்கிறது, அது பெரிதானால் அமுக்கம் குறையும், கீழ் ஆர்பிஎம்-மில் கொஞ்சம் சோம்பல், சில செட்டப்பில் மேலே நன்றாக இழுக்கும். இதைக் கேள்விப்பட்ட நாலு ஸ்ட்ரோக்காரர்கள் "நீள ராடு என்றால் டாப் எண்ட் பவர்" என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இழையைத் திசைதிருப்பவில்லை, தொடருங்கள்.

கிள்ளான்_ஈஜி:

அப்படியென்றால் உலகம் முழுக்க ரேஸ்காரர்கள் ஏன் நீள ராடு வாங்குகிறார்கள்? எல்லோருமா ஏமாந்தவர்கள்? கேட்பது தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

லேத்துக்கடை:

தப்பே இல்லை, நல்ல கேள்வி. ஏமாறவில்லை. அவர்கள் வாங்குகிற பொருளுக்குப் பெயர் நீள ராடு, கிடைக்கிற லாபம் பிஸ்டனில்.

நீளத்தண்டு ஐயாவின் 350-யே எடுத்துக்கொள்ளுங்கள். 5.7 ராடுக்குப் பிஸ்டனின் பின் உயரம் 1.56 அங்குலம். 6 அங்குல ராடுக்கு 1.26. கிட்டத்தட்ட எட்டு மி.மீ. உலோகம் பிஸ்டனிலிருந்து போய்விட்டது. பின் மேலே ஏறியதால் கீழே ஸ்கர்ட்டையும் (பிஸ்டனின் கீழ்ச் சுவர்) கொஞ்சம் குறைக்கலாம். எடையைக் குறைத்தால் ராடு போல்ட் இழுபடுவது குறையும், பேரிங் பிழைக்கும், அப்போது நூறு இருநூறு ஆர்பிஎம் தைரியமாக மேலே போகலாம். என்ஏ-வில் அந்த ஆர்பிஎம்-தான் பவர். ஆக ராடு வழிவிட்டது, வேலை செய்தது லேசான பிஸ்டன்.

ராடின் நேரடி பலன் என்று பார்த்தால் பக்கவாட்டு அழுத்தம். உங்கள் பி16 கணக்கில் ராடு அதிகபட்சம் சாய்கிற கோணம் 16.8 டிகிரியிலிருந்து 15.8-க்கு இறங்கும், பிஸ்டன் சிலிண்டர் சுவரைத் தள்ளுவது அந்த இடத்தில் ஆறு சதவீதம் குறையும். இது எனக்குக் கண்ணால் தெரிகிற விஷயம். ரீபோருக்கு வருகிற பிளாக்கில் டயல் கேஜை விட்டுச் சுற்றினால் போர் வட்டமாக இருக்காது, ராடு சாய்கிற பக்கம் கூடுதலாகத் தின்றிருக்கும். குட்டை ராடு, நீள ஸ்ட்ரோக் இன்ஜின்களில் அந்த ஓவாலிட்டி சீக்கிரம் வந்துவிடுகிறது. உராய்வு குறைவதால் ஒரு குதிரை, அரைக் குதிரை கிடைக்கலாம், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆயுளுக்கான சமாசாரம்.

அளவுக்கு மீறினால் தொல்லையும் உண்டு. அதே செவி பிளாக்கில் 3.75 ஸ்ட்ரோக் போட்டு 383 ஆக்கி அதிலும் 6 அங்குல ராடைத் திணிப்பார்கள். பின் உயரம் 1.125-க்கு வந்துவிடும், பின் ஓட்டை ஆயில் ரிங் பள்ளத்துக்குள்ளேயே புகுந்துவிடும், அதற்குத் தனியாக ஒரு தாங்கு வளையம் வைக்க வேண்டும். ரேஸுக்குப் பரவாயில்லை. எண்ணெய் குடிக்கிறது என்று இன்ஜினைப் பிரித்த ஆள் 22 மி.மீ. பிஸ்டனைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

லேத்துக்கடை சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டிடிசி-யில் பிஸ்டனை நிறுத்தித் திருப்புகிற முடுக்கம் 8400 ஆர்பிஎம்-மில் 134 ராடுக்கு ஏறத்தாழ 3930 ஜி, 142.4 ராடுக்கு 3880 ஜி. ராடால் மிச்சமாவது 1.3 சதவீதம். பிஸ்டனும் பின்னும் சேர்ந்து பத்து சதவீதம் லேசானால் அந்த பாகத்தின் இழுவிசை முழுதாகப் பத்து சதவீதம் குறையும். எங்கே பணம் போட வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

நாலு சிலிண்டர் வரிசை இன்ஜினில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை குலுக்குகிற இரண்டாம் நிலை அதிர்வு, கிராங்க் ஆரத்தை ராடு நீளத்தால் வகுத்த எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். பி16பி-யில் அது ஆறு சதவீதம் குறைவு. கையில் ஸ்டீயரிங் நடுங்குவது கொஞ்சம் குறையலாம். இன்ஜின் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். நீளத்தண்டு ஐயாவுடையது வி8, அவருக்கு இந்தச் சாக்கும் கிடையாது.

நீளத்தண்டு:

சரி சரி, எல்லோரும் சேர்ந்து என்னை அமுக்கியாகிவிட்டது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குட்டை ராடு டிடிசி-யை விட்டு வேகமாக விலகும், இன்டேக்கைச் சீக்கிரம் உறிஞ்சத் தொடங்கும். நீள ராடு மெதுவாக விலகும். பெரிய போர்ட், சோம்பலான ஹெட் என்றால் குட்டை ராடு அதை எழுப்பும், போர்ட் சின்னது என்றால் நீள ராடு அதை மூச்சுத்திணற விடாது. இது என் சொந்தக் கதை இல்லை, பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வது. 0.04 மி.மீ. என்று கேலி செய்தாலும் திசை சரிதானே?

கணக்குப்பிள்ளை:

திசை சரி, மறுக்கவே இல்லை. அளவுதான் தகராறு. அதே விளைவை கேமை ஒரு பல் இல்லை, ஒரு டிகிரி திருப்பியே தாண்டிவிடலாம் என்கிறபோது அதற்காக ராடும் பிஸ்டனும் பிளாக்கும் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. டெக்ஸாஸில் புரோ ஸ்டாக் (டிராக் ரேஸ் வகுப்பு) இன்ஜின் கட்டிய ரெஹர்-மாரிசன் ஆட்களும் ராடு நீளத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுத்ததில்லை. பிஸ்டனில் ரிங் எங்கே வர வேண்டும், ஸ்ட்ரோக் எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டு, நடுவில் மிஞ்சுகிற இடத்துக்கு ராடு போடு என்கிற கட்சி அவர்கள். யூனிக் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம், இருவருமே ஜெயித்தவர்கள். அதுவே சொல்கிறது, ஜெயிப்பது ராடு நீளத்தால் இல்லை என்று.

கிள்ளான்_ஈஜி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், முடிவு சொல்லாமல் ஓடிப்போகிற ஆள் நான் இல்லை.

கம்பெனி 134 ராடையே வைத்துக்கொண்டேன். லேத்துக்கடை அண்ணனுக்குத் தனியாக எழுதிக் கேட்டபோது, ராடு நேராக இருக்கிறதா என்று பார், புது போல்ட் போட்டால் இறுக்கம் மாறும், அதனால் பெரிய முனையை மறுபடி ஹோன் செய்யாமல் மாட்டாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாலில் ஒரு ராடு லேசாக முறுகியிருந்தது, அதைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கினோம். 81.5 பிஸ்டன் நான்கையும் எடை போட்டால் அதிகமானதற்கும் குறைவானதற்கும் நடுவே 5 கிராம் வித்தியாசம், தேய்த்துச் சமமாக்கினார்கள். மிஞ்சிய பணத்தில் ஹெட்டைப் பிரித்து வால்வு சீட் வெட்டி, கைடு சீல் எல்லாம் மாற்றி, சரிசெய்கிற கேம் புல்லி இரண்டு போட்டேன். பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புகைக்குப் பாதிக் காரணம் காய்ந்து கல்லாகிப் போன அந்த வால்வு சீல்கள். ராடும் பிஸ்டனும் மட்டும் மாற்றியிருந்தால் நீளமான ராடோடு அதே நீலப் புகையில் போய்க்கொண்டிருப்பேன்.

ரன்னிங்-இன் முடிந்துவிட்டது. எண்ணெய்க் குச்சி ஆயிரம் கிலோமீட்டராக அதே கோட்டில் நிற்கிறது. 8200 வரை போய்ப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டு அம்மா அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்.

நீளத்தண்டு:

சந்தோஷம் தம்பி. டைனோ (பவரை அளக்கிற மெஷின்) போட்டீர்களா? கேம் புல்லி எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்?

கிள்ளான்_ஈஜி:

டைனோவுக்கு அடுத்த சனிக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது அண்ணே. புல்லி இப்போதைக்கு இரண்டுமே பூஜ்யத்தில், அங்கே வைத்துத்தான் திருப்பப் போகிறோம். பட்டறைக்காரரும் கூட வருகிறார். நேற்றுகூட "எதற்கும் அந்த பி18சி பிளாக்கை ஒரு விலை கேட்டு வைத்திருக்கிறேன்" என்றார்.

லேத்துக்கடை:

பி18சி பிளாக் வாங்கினால் அதன் கிராங்கையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். 87.2 ஸ்ட்ரோக், 200 சிசி கூடுதல். அதற்கு நானே கடன் தருகிறேன்.